நடக்காமல் போனதற்கு ஒரு நன்றியுரை

தலைமை இருக்கையில் அமர்ந்து, நான் தொடங்கும் முன்பே 'எப்போது முடிப்பாய்?' என்று கண்ணாலேயே கேட்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! ஆழ்ந்து கற்று, அளந்து பேசும் அறிஞர் பெருமக்களே! கணினித் திரையில் கடலைக் கொந்தளிக்க வைத்து, கைவிரல் சொடுக்கில் காற்றைக் கட்டிப்போடும் ஆய்வாளர் தோழர்களே! அந்த ஆய்வாளர்களை வீட்டில் வைத்துக்கொண்டு, 'சோறு ஆறிப்போகுது, எழுந்து வாங்க' என்று தொண்டை வற்றக் கூப்பிடும் தாய்மார்களே! அதே பாடு படும் கணவன்மார்களே! உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

வரிசையில் ஒருவரை விட்டுவிட்டேன் என்று முன்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. விடவில்லை ஐயா, வைத்திருக்கிறேன். இதோ, மேடையின் இடது ஓரத்தில், நாற்காலியில் முழுதாக உட்காரக்கூட மனமில்லாமல் நுனியில் அமர்ந்து, பூச்செண்டு வாங்கிய கையோடு 'பில் வந்ததா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறாரே, இன்று பொறுப்பிலிருந்து விடைபெறும் நம் சங்கத்தின் நிர்வாக மேலாளர், நீங்கள் முதுகுக்குப் பின்னால் 'கறார் அம்மா' என்று அழைக்கும் அந்த அம்மையார், அவர்தான் இன்றைய விழாவின் நாயகி. அவர்தான் என் மாமியார்.

சிரியுங்கள், சிரியுங்கள். மாமியாரைப் புகழ மருமகளை மேடை ஏற்றிய மகானுபாவர் யார் என்று நானும்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். மருமகள் என்பதற்காக என்னைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார் என்று சிலர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். ஆய்வு மாணவியாக இருந்த நான் உறுப்பினராகச் சேர வந்தேன். விண்ணப்பத்தில் பிறந்த தேதியை விட்டுவிட்டேன். "பொண்ணே, உலகத்துக்கே கணக்குப் போடுறே, உன் வயசைப் போட மறந்துட்டியே" என்றார். வயதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த மாதமே தன் மகனோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். ஆள் சேர்ப்பதில் இப்படியொரு வேகம் கொண்ட மேலாளர் வேறெந்தச் சங்கத்துக்கு வாய்த்திருக்கிறார்?

அன்பர்களே! நம் சங்கத்தின் பெயர் பாவனை ஆய்வாளர் சங்கம். வந்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சிமுலேஷன் என்கிறார்களே, அது வேறொன்றுமில்லை. நடக்கும் முன்னே நடத்திப் பார்ப்பது. அணை உடையும் முன் திரையில் உடைத்துப் பார்ப்போம். நோய் பரவும் முன் திரையில் பரப்பிப் பார்ப்போம். பாலம் ஆடும் முன் திரையில் ஆட்டிப் பார்ப்போம். எங்கள் திரையில் விழாத பாலம் இல்லை, மூழ்காத ஊர் இல்லை. மாலையானால் கணினியை மூடிவிட்டு மாடியேறித் தூங்கப் போய்விடுவோம்.

ஆனால் சங்கம் திரையில் நடப்பதா? மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, சாய்ந்த படிக்கட்டு ஏறிப் போனால் வரும் ஒற்றை அறையில் நடக்கிறது. இரண்டு மேசை. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் ஜன்னல். அங்கே உட்கார்ந்துதான் நம் ஆய்விதழை அச்சகத்தாரோடு சண்டை போட்டு வெளிக்கொண்டு வந்தார். தேர்தல் நடத்தினார். வெளிநாட்டு விருந்தினருக்கு விசா கடிதம் எழுதினார். 'அவர் பேசும் அமர்வில் நான் பேசமாட்டேன்' என்று முறுக்கிக்கொண்ட இரு பேராசிரியர்களை, ஒருவர் பேசும்போது மற்றவருக்குச் சாப்பாடு போட்டுச் சமாளித்தார். யாரந்த இருவர்? சொல்லமாட்டேன். இருவரும் ஒரே வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் அறிந்த பணிகள் இவை. உங்களில் பலர் அறியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன். அத்தை தலையை ஆட்டுகிறார், வேண்டாம் என்கிறார். மன்னியுங்கள் அத்தை, வீட்டில் உங்கள் சொல். மேடையில் என் சொல்!

சில ஆண்டுகளுக்கு முன், நம் ஆண்டு மாநாட்டுக்குப் பெரிய மண்டபம் ஒன்றை அத்தை பேசி முடித்திருந்தார். நகரின் மறுகோடியில், முதல் மாடியில் அரங்கம். அகன்ற படிக்கட்டு கீழே இறங்கி, நடுவில் ஒரு தளத்தில் திரும்பி, தெருவுக்குப் போகும். அந்தத் திருப்பத்தில் தேக்கு மரத்தாலான பழைய சீட்டுக் கவுண்டர். அரங்கின் பக்கவாட்டில் இன்னொரு கதவும் படியும் உண்டு. அதற்கு முன்னால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி, சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

என் ஆய்வு, கூட்டம் எப்படி நகர்கிறது என்பது. ஒரு செயற்குழுக் கூட்டத்தில் என் ஆய்வை விளக்க ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. எல்லோருக்கும் தெரிந்த இடமாக இருக்கட்டுமே என்று அந்த மண்டபத்தின் வரைபடத்தையே எடுத்துக்கொண்டேன். திரையில் நூற்றுக்கணக்கான நீலப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். 'எல்லோரும் வெளியேறுக' என்று கட்டளையிட்டேன். எறும்பு போல ஊர்ந்தன, ஆறு போல வழிந்தன, படியில் இறங்கின. கவுண்டர் இருக்கும் அந்தத் திருப்பத்தில் நின்றன. பின்னால் வந்தவை வந்துகொண்டே இருக்க, முன்னால் நின்றவை நின்றுகொண்டே இருக்க, நீலம் சிவப்பாக மாறியது.

அறிஞர்கள் கைதட்டினார்கள். 'அழகான படம்' என்றார் ஒருவர். 'இதழில் வண்ணத்தில் போடலாம்' என்றார் மற்றொருவர். எனக்கோ தலைகால் புரியவில்லை!

அப்போது, வரவுசெலவு அறிக்கையை வாசிக்கத் தன் முறைக்காகக் காத்திருந்த அத்தை எழுந்தார்.

"ஒரு சந்தேகம். இது நம்ம மாநாட்டு மண்டபம்தானே?"

"ஆமாம் அத்தை."

"அப்போ இந்தப் புள்ளியில ஒண்ணு நானா?"

யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

"சிவப்பா நிக்குதே, அந்தப் புள்ளிக்கெல்லாம் என்ன ஆகுது?"

"அதுக்கு மேல நாங்க கணக்குப் போடல அத்தை."

"ஏன் போடல?"

அதற்கு மேல் போட்டால் அது கணக்காக இருக்காது என்பது எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தே அவருக்கும் தெரிந்துவிட்டது.

"சரி, அப்போ இந்த மண்டபத்துல இப்படியே மாநாடு நடத்த முடியாது" என்றார்.

அவ்வளவுதான்! அவை அதிர்ந்தது! அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, வெளிநாட்டார் பயணச்சீட்டு வாங்கிவிட்டார்கள். அன்றைய தலைவர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, இது வெறும் மாதிரிப் படம்தான். நிஜத்தோட ஒப்பிட்டுச் சரிபார்க்கல."

"அப்போ இது தப்புங்களா?"

"தப்புன்னு சொல்ல முடியாது."

"சரிங்களா?"

"சரின்னும் சொல்ல முடியாது."

"பின்னே என்னதான் சொல்றீங்க? சங்கத்தை வச்சுக்கிட்டு, இத்தனை வருஷமா இதழ் போட்டுக்கிட்டு, ஒண்ணுமே சொல்லாம இருக்கத்தானா நான் மாடிப்படி ஏறி இறங்கறேன்?"

கைதட்டுகிறீர்கள். அன்று யாரும் தட்டவில்லை! தலைவர் சொன்னதும் நியாயமே. கணிப்பைக் கண்மூடி நம்பினால் அது அறிவியலா? ஆனால் கணித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதும் அறிவியலா?

மறுநாள் காலை, அடுக்களை. நான் காய் நறுக்குகிறேன், அத்தை குழம்பைக் கிளறுகிறார். தாய்மார்கள் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டு அடுக்களையில் என் சொல்லுக்கு மரியாதை கிடையாது. உப்புக் குறைகிறது என்றால் நாக்கைக் காட்டு என்பார். அடுப்பைக் குறைக்கலாம் என்றால் கூட்டுவார். அப்படிப்பட்டவரிடம் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அத்தை, என் கணக்கு தப்பா இருந்தா?"

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தப்பா இருந்தா நாலு பேரு உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்கறதுக்கு எல்லாரும் முழுசா இருப்போமில்ல? சரியா இருந்தா என்ன பண்றது, அதைச் சொல்லு."

அவையோரே! உலகெங்கும் எத்தனையோ மாநாடுகளில் என் ஆய்வைப் பாராட்டியிருக்கிறார்கள். பாராட்டினார்கள், நம்பினார்களா? ஒரு சமன்பாட்டைக்கூட வாசிக்காத ஒருவர், உப்பு விஷயத்தில் என்னை நம்பாத ஒருவர், என் புள்ளிகளை நம்பினார். புள்ளிகளாக அல்ல, மனிதர்களாக நம்பினார். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

மண்டப முதலாளியைப் பார்க்க இருவரும் போனோம். பெரிய உருவம், பெரிய குரல், அதைவிடப் பெரிய மேசை. படத்தைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னம்மா இது, பொம்மைப் படத்தைக் காட்டி பயமுறுத்தறீங்க? எங்கப்பா கட்டின மண்டபம் இது. எத்தனை கல்யாணம், எத்தனை கூட்டம்! இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்பு கிடையாது."

"அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வைங்க, கவுண்டரை நகர்த்துங்க. அவ்வளவுதான் கேக்கறோம்" என்றார் அத்தை.

"கவுண்டரையா? அது எங்கப்பா உக்காந்த இடம்!"

"அப்போ ஒண்ணு பண்ணுவோம். நாங்களே வந்து நடந்து காட்டறோம். ஒண்ணும் ஆகலேன்னா, உங்க வாசல்லயே நின்னு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

"தாராளமா நடங்க" என்றார் முதலாளி. "நானும் கூட நடக்கறேன், போதுமா?"

நடக்க ஆள் வேண்டுமே! உள்ளூர் உறுப்பினர் எல்லோருக்கும் ஒருவர் விடாமல் தொலைபேசியில் பேசினார் அத்தை. 'நேரமில்லை' என்றவர்களிடம், 'நேரமில்லாதவங்கதான் சார் அவசரமா வெளிய போவீங்க, நீங்கதான் முக்கியமா வரணும்' என்றார். உறுப்பினர்கள் வந்தார்கள், துணைவர்கள் வந்தார்கள், அச்சகத் தொழிலாளர்கள் வந்தார்கள், கண்ணாடிக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். குழந்தைகளையும் முதியவர்களையும் அவர் அனுமதிக்கவில்லை. மருத்துவர் ஒருவரைக் கீழே நிறுத்தினார். விசில் ஊதியதும் கடைசி வரிசையிலிருந்து பின்னால் நகர வேண்டும் என்று முதலில் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார். கவுண்டரின் மேல் விசிலோடு ஏறி நின்றவர் என் கணவர்.

மகனிடம் தாய் சொன்னார்: "நான் கை தூக்கினாத்தான் ஊதணும்னு இல்ல. யாரு கை தூக்கினாலும் ஊது. அம்மாவைப் பார்த்துக்கிட்டு நிக்காதே."

சொல்லிவிட்டுக் கூட்டத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார். பச்சைச் சேலை. அவரோடு தோள் உரசிக்கொண்டு மண்டப முதலாளி.

நான் மேல் தளத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன். கையில் கணினி. திரையில் என் புள்ளிகள். கீழே என் மனிதர்கள். அன்பர்களே, நான் கண்டதைச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

பேசிக்கொண்டே வந்தார்கள். சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். 'நீங்க முன்னாடி போங்க', 'பரவாயில்ல, நீங்க போங்க' என்று வழிவிட்டுக்கொண்டே நடந்தார்கள். திரையில் புள்ளிகள் இறங்குகின்றன. கீழே மனிதர்கள் இறங்குகிறார்கள். திரையில் புள்ளிகள் திரும்புகின்றன. கீழே மனிதர்கள் திரும்புகிறார்கள். திரையில், கவுண்டரைச் சுற்றிப் பிறைபோல ஒரு வளைவு கட்டிக்கொள்கிறது. கீழே பார்க்கிறேன். அதே இடம்! அதே பிறை! அதே வளைவு!

என் அறையில், என் நாற்காலியில், என் விரலால் நான் வரைந்த வளைவு, உயிரும் மூச்சும் உள்ள மனிதர்களாக என் கண் முன்னே வளைந்து நிற்கிறது! எனக்கு மகிழ்ச்சியா? இல்லை. பெருமையா? இல்லவே இல்லை. உடலெல்லாம் சிலிர்த்தது. நம் எல்லோரையும் ஏதோ ஒரு பெரிய விதி தன் உள்ளங்கையில் வைத்திருப்பதை, நான் அதன் விரலிடுக்கு வழியே எட்டிப் பார்த்துவிட்டது போல இருந்தது.

முதலில் நின்றது நடை அல்ல, சிரிப்பு. பேச்சு நின்றது. அத்தனை பேர் நிற்கும் படிக்கட்டில் அப்படியொரு அமைதி! யாரும் தள்ளவில்லை. ஆனால் எல்லோரும் தள்ளப்பட்டார்கள். யாருக்கும் கோபமில்லை, யாருக்கும் அவசரமில்லை, யாரிடமும் குற்றமில்லை. ஆனாலும் பச்சைச் சேலை அந்தப் பிறையின் நடுவில் அசையாமல் நின்றுவிட்டது. திரையில் அந்த இடம் சிவந்தது.

ஒரு கை உயர்ந்தது. முதலாளியின் கை!

விசில் ஒலித்தது. பயிற்சி கொடுத்திருந்தபடி கடைசி வரிசை ஓரடி பின்னால் போனது, அதற்கு முந்தைய வரிசை போனது, அதற்கும் முந்தையது போனது. அலை திரும்புவது போல அந்த இறுக்கம் மேலேறிக் கலைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முதலாளி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பொத்தான் ஒன்றைக் காணோம். அந்தப் பெரிய குரலைக் காணவே காணோம்.

"என்னை யாருமே தள்ளலம்மா" என்றார். "ஆனா மூச்சு விட இடமில்லாமப் போச்சு."

அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார். 'சொன்னேனே' என்று சொல்லவில்லை. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை 'சொன்னேனே' என்பவர், அன்று அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

தண்ணீரைக் குடித்து முடித்து முதலாளியே கேட்டார்: "அந்தக் கதவைத் திறந்துட்டு இன்னொரு தடவை நடந்து பார்க்கலாமா?"

சங்கிலி அவிழ்ந்தது. உடைந்த நாற்காலிகள் இடம்பெயர்ந்தன. தந்தை அமர்ந்த கவுண்டரை நால்வரோடு சேர்ந்து தன் தோளாலேயே தூக்கிக் கொண்டுபோய்த் தெருவாசலில் வைத்தார் அந்த மனிதர். மறுபடியும் நடந்தார்கள். மடை திறந்தது போல வழிந்து, வெயில் அடிக்கும் தெருவில் போய் நின்றார்கள். அதே முதலாளி அன்று முதல் கதவுச் சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை. கொடுக்கச் சாவியே கிடையாது, பூட்டையே எடுத்துவிட்டார்.

மாநாடு அங்கேயே நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கடைசி நாள் நிறைவு அமர்வு, நினைவிருக்கிறதா? அரங்கின் பின்புறச் சுவரில் மின்கம்பி ஒன்று கருகிப் புகை வந்தது. அபாய மணி அடித்தது. விளக்குகள் அணைந்தன. எழுந்தோம். சிலர் படிக்கட்டில், பலர் பக்கக் கதவில், 'என்ன சார் இது, கடைசி நேரத்துல' என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினோம். முழு அரங்கமும் காலியானது. நான் கடைசியாகத் திரும்பிப் பார்த்தேன். அந்தத் திருப்பத்தில் யாருமே நிற்கவில்லை.

தெருவுக்கு வந்தேன். அத்தை வாசலோரம் நின்றுகொண்டிருந்தார். மாநாட்டுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் அவரிடம் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா நிர்வாகம் இது? சூடா ஒரு டீ குடிக்க விட்டீங்களா? அப்படியே வச்சுட்டு ஓடி வர வேண்டியதாப் போச்சு."

"மன்னிச்சுக்கோங்க சார். இதோ, வேற டீ சொல்றேன்" என்றார் அத்தை.

பேராசிரியர் நகர்ந்ததும் அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. என் திருமணத்திலும் அழாதவர், மாமனார் மறைந்தபோதும் எங்களுக்காக அழுகையை அடக்கியவர், முகத்தை மூடி அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"அத்தை, நடந்ததை அவர்கிட்ட சொல்லிடலாமே?"

"எதைச் சொல்ல? நடக்காததையா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரு கோபப்படட்டும். டீக்காகக் கோபப்படறாரு பாரு... நல்லா கோபப்படட்டும்."

அவையோரே! அந்தப் பேராசிரியர் இதோ முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இந்த நொடி வரை அவருக்கே தெரியாது. அவரிடமும் குற்றமில்லை, ஆறிப்போன டீக்குக் கோபப்படும் உரிமை எல்லோருக்கும் உண்டு!

நான் கேட்கிறேன். நடந்த விபத்துக்கு நாளிதழில் இடமுண்டு. நடக்காத விபத்துக்கு எங்கே இடம்? இறந்தவர்க்குக் கல்வெட்டு உண்டு. இறக்காமல் இருக்கிறோமே நாம், நம்மை எந்தக் கல்லில் எழுதுவது? அந்த மாலையில் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியவர்கள் எத்தனை பேர்! 'ஏன் இவ்வளவு நேரம்?' என்று திட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்! அந்தத் திட்டெல்லாம் யார் தந்த வரம்? அவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இந்த அரங்கில் ஓடிக்கொண்டிருக்கிறார்களே, யார் தந்த கொடை?

நாம் கணிக்கிறோம். அது பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் கணிப்புக்கும் கதவுக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க ஒருவர் தொலைபேசியை எடுக்க வேண்டும், ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வேண்டும், பெரிய மேசைகளுக்கு முன் நிற்க வேண்டும், சிரிப்பைச் சகிக்க வேண்டும், சிவப்பாகும் இடத்தில் தானே போய் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் நிர்வாகம். அதுதான் நிர்வாகம்! அது அறிவியலுக்கு வெளியே இருப்பதல்ல நண்பர்களே, அறிவியல் மனிதர்களிடம் வந்து சேரும் வழி அது ஒன்றுதான்!

இதோ... மூத்த பேராசிரியர் எழுந்து நிற்கிறார். கை கூப்புகிறார். ஐயா, உங்கள் குரல் எனக்குக் கேட்கவில்லை, ஒலிவாங்கி கொடுங்கள்... வேண்டாம் என்கிறார், பேச முடியவில்லை என்கிறார். பின்னால் இருப்பவர்களும் எழுகிறார்கள். அவை முழுதும் எழுந்துவிட்டது. அத்தை என்னை முறைக்கிறார், எல்லோரையும் உட்காரச் சொல் என்று கையை ஆட்டுகிறார். அத்தை, நான் சொன்னால் இவர்கள் கேட்கமாட்டார்கள். வீட்டிலேயே யாரும் கேட்பதில்லையே!

என் சிறிய வார்த்தைகளுக்குப் பெரிய செவி கொடுத்த அவைக்கு நன்றி. நேரம் தந்த தலைவருக்கும், கேட்காமலே நான் எடுத்துக்கொண்ட கூடுதல் நேரத்தைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி. எங்கள் மேலாளருக்கு, என் அத்தைக்கு, இந்த மருமகளின் வணக்கம். நின்றுகொண்டிருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும், பத்திரமாக வீடு போய்ச் சேரப்போகும் உங்கள் அத்தனை பேருக்கும், என் வணக்கம்!